சென்ற ஏழு நாள்களில்

மாசி 3, வியாழன்

வைகறையில் ஜினாலயம் சென்று வணங்கித் திரும்பினேன். படிகளில் இறங்கும்போது முழங்கால் இரண்டும் தனித்தனியே முறையிட்டன. இன்று முதல் மீண்டும் பணி. வட்டப் புள்ளியியல் ஆய்வாளனாக ஓய்வுபெற்று ஆண்டுகள் பல கடந்தபின், தொழிலாளர் கணக்கெடுப்புக்கு மேற்பார்வையாளனாக மாவட்ட அலுவலகம் என்னை ஒப்பந்தத்தில் அமர்த்தியிருக்கிறது. துறை அழைத்தபின் மறுப்பது முறையன்று என்று சுநந்தாவிடம் சொன்னேன். அவள் தண்ணீர் வடிகட்டும் துணியைப் பிழிந்தபடியே, “சரிங்க” என்றாள். என் மனைவியின் “சரிங்க” பல பொருள் உடையது. எப்பொருள் என்று நான் கேட்பதில்லை.

பொங்கலுக்கு வந்த மகன் தரணேந்திரன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். சென்னைப் புறநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் தரச் சோதகன். விடுப்பு நிறையச் சேர்ந்துவிட்டதாம்.

மாசி 4, வெள்ளி

மாவட்ட அலுவலகத்தில் நாள் கழிந்தது. அலுவலர் இளஞ்சேரன் என் மகன் வயதினர்; மரியாதை அறிந்தவர்; பொறுமை அறியாதவர்.

“ஐயா, கலெக்டர் கேக்கறது ஒரே ஒரு நம்பர். அருங்கநல்லூர் வட்டாரத்துல எத்தனை பேருக்கு வேலை இருக்கு? அரிசி ஆலைல எத்தனை பேரு? அதை வச்சுதான் பயிற்சி நிலையம் வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணப் போறாங்க.”

அந்த ஒற்றை எண்ணுக்காக மேசைமேல் நான்கு கட்டுகள். ஆலைகள் ஆண்டுதோறும் தாமே எழுதி அனுப்பும் விவர அறிக்கை ஒன்று. வருங்கால வைப்புநிதியில் பெயர் உள்ளவர் பட்டியல் ஒன்று. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை வேண்டிப் பதிந்து காத்திருப்போர் பட்டியல் ஒன்று. வீடுவீடாகச் சென்று நாம் கேட்டு எழுதும் கணக்கெடுப்பு ஒன்று. நான்கும் ஒரே வட்டாரத்தையே சொல்கின்றன. நான்கும் ஒன்றையொன்று அறியாதவைபோல் சொல்கின்றன.

“எது சரிங்க ஐயா?” என்றார்.

“நான்கும் சரி. நான்கும் முழுமையல்ல” என்றேன்.

பொருள் ஒன்று, அதைக் காணும் கோணம் பல, ஒரு கோணத்தில் நின்றுகொண்டு இதுவே முற்றும் என்பவன் பொய்யனாகிறான் என்பது எம் சமண சமயத்தின் அநேகாந்தக் கொள்கை. இதனை அவரிடம் விரித்துரைக்கத் தொடங்கினேன். அவர் கைப்பேசியைப் பார்த்தார். நான் கட்டுகளைக் கட்டிக்கொண்டு பேருந்தேறினேன்.

பொழுது சாயுமுன் வீடு சேர்ந்து உணவு கொண்டேன். தரணி விளக்கேற்றிய பின்னரே வந்தான். வெளியிலேயே உண்டுவிட்டதாகச் சொன்னான். இரவில் உண்பதில்லை என்னும் நெறியை இவ்வயதிலும் காக்கிறான் என்று மகிழ்ந்தேன். உதடுகள் மட்டும் வெடித்திருந்தன. மாசி வெயில் கொடிது.

மாசி 6, ஞாயிறு

உபவாசம். முதுகு வலி. தரணி விடியுமுன்னரே நண்பன் ஒருவனைக் காணச் சென்றான். ஞாயிற்றுக்கிழமையும் அதிகாலை எழும் நண்பன்.

மாசி 9, புதன்

கணக்கெடுப்பாளர் மெகராஜ் பேகத்துடன் இன்று புறவழிச்சாலை அரிசி ஆலைக்குச் சென்றேன். மெகராஜ் புள்ளியியல் முதுகலை. வாய் சற்று நீளம். நடை அதனினும் வேகம். ஆலைகளின் விவர அறிக்கை எவ்வாறு எழுதப்படுகிறதென்று நேரில் காண்பதே நோக்கம்.

மேலாளர் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்தார். “எட்டு பேரு சார். போன வருசமும் எட்டு. அதுக்கு முந்தியும் எட்டு. நாங்க ஒரே மாதிரி இருக்கறவங்க.”

சன்னலுக்கு வெளியே உலர்களம் கடல்போல் விரிந்திருந்தது. அவித்த நெல்லை ஆவி பறக்கப் பரப்பி, ஆணும் பெண்ணுமாய் ஒரு கூட்டமே அதன்மேல் காலால் கிளறி நடந்துகொண்டிருந்தது.

“அப்ப அங்க நடக்கறவங்க யாரு சார்?” என்றாள் மெகராஜ்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் கண்டவர்போல் வியந்தார். “அவங்களா? அவங்க நம்ம ஆளுங்க இல்லம்மா. மேஸ்திரி இட்டுகினு வராரு, இட்டுகினு போறாரு.”

“நெல்லு யாரோடது?”

“நெல்லு நம்முளுது.”

“களம்?”

“களமும் நம்முளுதுதான். கால் மட்டும் அவங்களுது. எழுதிக்கோ.” தம் நகைச்சுவையைத் தாமே சுவைத்துச் சிரித்தார். எங்களுக்கு மோர் வந்தது. அதைக் கொண்டுவந்த பெண்ணும் அந்த எட்டில் இல்லையாம்.

ஆட்கணக்கு பத்தைத் தொட்டால் தொழிற்சாலைச் சட்டம் உள்ளே வரும்; ஆகவே எட்டிலேயே நிற்கிறார்கள். ஆண்டுதோறும் அந்த எட்டைத்தான் நாங்கள் கூட்டி, சதவீதம் கண்டு, அச்சிட்டு வெளியிட்டு வந்திருக்கிறோம்.

திரும்பும்போது களத்தோரமாய் நடந்தோம். தூசுக்காக முகத்தை மூடித் துண்டு கட்டியிருந்த ஒருவன் எங்களைக் கண்டதும் மறுபுறம் திரும்பி, நெல்லின் நடுவே விரைந்தான். இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி நடக்கும் நடை. எங்கள் குடும்பத்தில் அத்தகைய நடை உண்டு. என் தந்தைக்கு இருந்தது. உலகில் எத்தனையோ பேர் அவ்வாறு நடப்பர். வெயில் கண்ணை மறைத்தது. மெகராஜை விரைந்து நடக்கச் சொன்னேன்.

மாசி 11, வெள்ளி

இன்று செட்டிக்குளத் தெருவில் வீட்டுக் கணக்கெடுப்பு. முதல் வீட்டுப் பெரியவர் எல்லாருக்கும் தாமே விடையளித்தார். குடும்பத் தலைவர் ஒருவர் சொன்னால் அனைவர்க்கும் போதும் என்பது நாங்கள் கடைப்பிடித்துவரும் எளிய வழி. ஆட்கள் வீட்டில் இருப்பதில்லை, நமக்கும் நேரமில்லை.

“உங்க வீட்டம்மா சென்ற ஏழு நாள்ல ஒரு மணி நேரமாச்சும் வருமானத்துக்கு வேலை செஞ்சாங்களா?” என்று கேட்டாள் மெகராஜ்.

“அவளா? சும்மாதான் கீறா.”

உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “சும்மா கீறனா? நாலு மாட்டுப் பாலக் கறந்து சொசைட்டிக்கு ஊத்தறது யாரு, உன் ஆயாவா?”

“பேச்ச பாரு. சர்க்காருல இருந்து வந்துகீறாங்க.”

“வரட்டும். நான் இன்னா செய்யறன்னு என்னியக் கேக்கட்டும். பெருசு உனுக்கு இன்னா தெரியும்?”

மெகராஜ் என்னைப் பார்த்தாள். “அம்மாவிடமே கேள்” என்றேன்.

பிற்பகல் ஒரு சிறு பிணக்கு. மெகராஜ் ஒரு வீட்டைக் ‘கதவு பூட்டு’ என்று குறித்து, அதற்கு மாற்றாக அடுத்த வீட்டை எடுத்திருந்தாள். ஒருமுறைதான் சென்றிருக்கிறாள். மீண்டும் போகச் சொன்னேன்.

“சார், பூட்டியிருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்.”

“எந்நேரம்?”

“பதினொரு மணி.”

“பதினொரு மணிக்கு வேலை உள்ளவன் வீடு பூட்டித்தான் இருக்கும். வேலையில்லாதவன் வீடுதான் திறந்திருக்கும். பூட்டிய வீட்டையெல்லாம் விட்டுவிட்டால் நாட்டில் ஒருவனுக்கும் வேலையில்லை என்று எழுத நேரும்.”

அவள் மாலை சென்று கேட்டு வந்தாள். “ஆமாம் சார், மூணு பேருக்கும் வேலை” என்று முணுமுணுத்தாள்.

மாசி 15, செவ்வாய்

தரணிக்குப் பேசிவைத்திருக்கும் பெண் வீட்டார் வந்தவாசியிலிருந்து தொலைபேசியில் பேசினர். மாப்பிள்ளை நிரந்தரப் பணிதானே என்று மூன்றாம் முறையாகக் கேட்டனர். பங்குனி கழியட்டும் என்றேன். நான் விடை சொல்லவில்லை என்பதை அவர்கள் கவனித்தார்களா, அறியேன். பொய்யுரையாமை நான் இளமையில் ஏற்ற நோன்பு. அந்நோன்பைப் பல நாளாக மௌனத்தின் துணைகொண்டு காத்துவருகிறேன்.

மாசி 18, வெள்ளி

கிழக்கு மாட வீதி எங்கள் பகுதியில் சேர்ந்திருக்கிறது. வீடுகளை வரிசையாகப் பட்டியலிட்டோம். எந்தெந்த வீட்டில் கேட்பது என்பதைக் கையடக்கக் கணினி குலுக்கலில் தேர்ந்தது. மெகராஜ் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“சார், உங்க வூடு வந்துகீது.”

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கதவிலக்கம் என்னுடையதே. மேற்பார்வையாளன் வீட்டை விலக்க விதியில் இடமில்லை; அவன் தன் வீட்டை விசாரிக்கவோ சரிபார்க்கவோ கூடாது என்பது மட்டுமே விதி.

“செவ்வாய்க்கெழமை வரேன் சார். அம்மா கையால காபி உண்டுல்ல?”

“உண்டு” என்றேன். நெடுநேரம் பேசாமல் நடந்தேன் போலும். ஏனெனில் தெருக்கோடியில் அவள் நின்று, சிரிப்பில்லாமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்: “சார், சங்கடம்னா சொல்லுங்க. பூட்டுன்னு போட்டுட்டுப் பக்கத்து வூட்ட எடுத்துக்கறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“சங்கடம் என்ன? ஒன்றுமில்லை” என்றேன்.

மாசி 20, ஞாயிறு

செவ்வாயன்று பொன்னூர் மலைக்குச் சென்று ஆசாரியர் திருவடி தொழுது வரலாம் என்று எண்ணம் பிறந்தது. வீட்டோடு அனைவரும் செல்லவேண்டும். அன்று வீடு மெய்யாகவே பூட்டியிருக்கும். பூட்டிய வீட்டைப் பூட்டிய வீடென்று எழுதுவது பொய்யாகாது.

சுநந்தாவிடம் சொன்னேன். “கூப்பிட்டுக் கூப்பிட்டு வராத மனுசருக்கு இப்ப என்ன திடீர்னு மலை?” என்றாள்.

தரணியிடமும் சொன்னேன். கிணற்றடியில் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். “செவ்வாக்கெழமையா? எனக்கு வேலை இருக்குப்பா” என்றான். சொன்னவன் உடனே தலை கவிழ்ந்து, மற்றைக் காலையும் தேய்க்கலானான்.

விடுப்பில் இருப்பவனுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. பதினொரு தெருக்களில் அந்நியர் அனைவரையும் கேட்டுவந்த கேள்வி அது.

மாசி 21, திங்கள்

உறக்கமில்லை. மனப்பாடமான துதியிலும் இன்று நடுவே ஓரடி நழுவியது.

மாசி 22, செவ்வாய்

காலையில் நீராடி, பூட்டையும் சாவியையும் எடுத்து வைத்தேன். தரணி அதற்குள் புறப்பட்டுப் போயிருந்தான். நாம் இருவரேனும் செல்வோம் என்றேன். சுநந்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“நான் வரலைங்க.”

“ஏன்?”

“அந்தப் பொண்ணு வரும்ல. வீடு தொறந்திருக்கட்டும்.”

“அவள் காலையில் வருவாள். நாம் மாலை திரும்பிவிடலாம்.”

“காலைல வரமாட்டா. நேத்து சாயங்காலம் கோயிலாண்ட பாத்தேன். பையன் இருக்கற நேரமா, வெளக்கு வச்சப்புறம் வாம்மான்னு நான்தான் சொன்னேன்.” களைந்த நீரை வடித்தாள். “எத்தனை வீட்டுக்குப் போய்க் கேக்கறீங்க? இந்த வீட்டுலயும் ஒரு ஆள் வந்து கேக்கட்டும். நீங்க கேக்கமாட்டீங்க. நானும் கேட்டு அவன அழ வெக்கமாட்டேன். மூணாவது மனுசி கேட்டா சொல்லுவான்.”

பூட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

விளக்கு வைத்த பின் மெகராஜ் வந்தாள். முற்றத்துப் பாயில் அமர்ந்து, கணினியைத் திறந்தாள். என்னை அறியாதவள்போல் முதலிலிருந்தே தொடங்கினாள். குடும்பத் தலைவர் பெயர்? உறுப்பினர் எத்தனை பேர்? நான் விடை சொன்னேன். சுநந்தாவின் முறை வந்தபோது, “இல்லப் பணி” என்று வாய் தானே சொல்லியது.

“அம்மா, நீங்களே சொல்லுங்க” என்றாள் மெகராஜ்.

“அவரு சொன்னது சரிதாம்மா. கெடைச்சா வேற செஞ்சிருப்பேன்” என்றாள் சுநந்தா. அவள் அவ்வாறு விரும்பியிருந்தாள் என்பது எனக்குச் செய்தி.

அப்போது தரணி உள்ளே வந்தான். பெண்ணொருத்தி கணினியுடன் அமர்ந்திருக்கக் கண்டு வாசலிலேயே நின்றான். பின்வாங்க முனைந்த கால், தாயின் முகத்தைப் பார்த்துத் தயங்கியது.

“அடுத்து, மகன் தரணேந்திரன்” என்றாள் மெகராஜ், தலை நிமிராமல்.

குடும்பத் தலைவன் விடையளிக்கவேண்டிய இடம். “அவன் தொழிற்சாலையில்…” என்று தொடங்கினேன். அதற்கு மேல் என் நோன்பு ஒரு சொல்லும் தரவில்லை.

“இல்லப்பா,” என்றான் தரணி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் அமர்ந்தான். “அங்க ஐப்பசிலயே நிறுத்திட்டாங்க. எங்க லைன் மொத்தத்தையும்.”

“சென்ற ஏழு நாள்ல ஒரு மணி நேரமாச்சும் வேலை செஞ்சீங்களாண்ணா?”

“ஏழு நாளும் செஞ்சேன்.”

“என்ன வேலைண்ணா?”

“அரிசி ஆலைல. களத்து வேலை. நெல்லு கிண்டுறது, மழை வந்தா கூட்டி மூடுறது.” நிறுத்தினான். “நீங்க அன்னிக்கு வந்தீங்களே, அங்கதான். அப்பா கண்டுட்டாருன்னு நெனச்சேன்.”

நான் கண்டேன். இதுகாறும் இந்நாட்குறிப்பிலும் அதை எழுதவில்லை.

மெகராஜ் எழுதிக்கொண்டே போனாள். தினக்கூலியா? ஆம். சம்பளச்சீட்டு உண்டா? இல்லை. விடுப்பு, வைப்புநிதி? அவன் சிரித்தான். “பழைய கம்பெனி என் பேர எடுக்கவே இல்ல மேடம். வைப்புநிதி கணக்குல நான் இன்னும் அங்கதான் வேலை செய்யறேன்.”

என் மேசைமேல் கிடக்கும் நான்கு கட்டுகளும் எனக்குள் ஒருங்கே திறந்தன. வைப்புநிதிப் பட்டியலில் என் மகன் தொழிற்சாலை ஊழியன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில், நானே தவறாமல் புதுப்பித்துவரும் பதிவின்படி, பள்ளி முடித்த நாளிலிருந்து வேலையின்றிக் காத்திருப்பவன். ஆலையின் அறிக்கையில் அவன் பிறக்கவே இல்லை. நான்காவது இப்போதுதான் எழுதப்படுகிறது; மற்ற மூன்று கோணத்திலும் அவன் காலில் வெடிப்பில்லை. கொள்கையை நாவால் உரைப்பது எளிது.

“இதைவிடக் கூடுதல் வேலை கெடைச்சா செய்வீங்களா?”

“செய்வேன்.”

“எந்த வேலையா இருந்தாலுமா?”

“எதுவா இருந்தாலும். வீட்டுல சொல்லிட்டுப் போற மாதிரி இருந்தாப் போதும்.”

சுநந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மெகராஜ் என் பக்கம் திரும்பினாள். “சார், உங்களுது மட்டும் பாக்கி. இப்ப செய்யற வேலை, ஒப்பந்தம். சரியா? இது நீங்களாத் தேடுனதா, அவங்க கூப்பிட்டதா?”

“அழைத்தார்கள்” என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இவருதான் போய்க் கேட்டாரும்மா,” என்றாள் சுநந்தா. “கார்த்திகைல இருந்து, அலுவலகப் படிய ஏறி ஏறி. பையன் பணம் அனுப்பறது நின்னுபோச்சு இல்ல, அப்பவே புரிஞ்சுபோச்சு இவருக்கு. எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல. மூணு பேரும் மூணு மூலைல ஒளிஞ்சுகினு ஒரே வீட்டுல கெடக்கறோம்.”

தரணி என்னை நேராகப் பார்த்தான். பொங்கலுக்குப் பின் இன்றுதான் அவன் கண்களைக் காண்கிறேன்.

“சார், கூடுதல் வேலை கெடைச்சா?” என்றாள் மெகராஜ், மெல்ல.

“செய்வேன்” என்றேன்.

மாசி 23, புதன்

இளஞ்சேரனிடம் அறிக்கையைக் கொடுத்தேன். ஒரே எண் கேட்டவருக்கு நான்கு எண்களும், ஒவ்வொன்றும் யாரைக் காணும், யாரைக் காணாது என்னும் குறிப்பும். ஆலை அறிக்கைகளைத் தனித்து நம்பலாகாது என்றும், வீட்டிலும் அவரவரையே கேட்கவேண்டும், தலைவனைக் கேட்டு அனைவருக்கும் எழுதலாகாது என்றும் சேர்த்திருந்தேன். என் வீட்டுப் படிவத்தைச் சரிபார்க்க வேறொரு மேற்பார்வையாளரிடம் அனுப்பிவிட்டேன்.

“இத கலெக்டர்கிட்ட எப்படிங்கய்யா குடுக்கறது? ஒரு பக்கத்துல முடிச்சுக் குடுங்க.”

“ஒரு பக்கத்தில் முடித்தால் பொய்யாகிவிடும். ஒப்பந்தத்தை வேண்டுமானால் முடித்துக்கொள்ளுங்கள்.”

அவர் சிறிதுநேரம் கட்டைப் புரட்டினார். ஆலைப் பகுதியில் நின்று, எட்டு என்னும் எண்ணின்கீழ் விரலை வைத்தார். “எல்லா ஆலைலயும் எட்டா?” என்றார். பின் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஏற்றாரா, மறுத்தாரா, தெரியவில்லை. சோர்வு.

மாலையில் வந்தவாசிக்கு நானே பேசினேன். மகன் ஆலைக் களத்தில் தினக்கூலி என்றேன். “யோசிச்சுச் சொல்றோம் நயினார்” என்றனர். சொல்லமாட்டார்கள் என்று எண்ணுகிறேன். தரணியிடம் அதையும் மறைக்காமல் கூறினேன். “சரிப்பா” என்றான். தாயின் “சரிங்க” போலவே இருந்தது. இம்முறை, எப்பொருளில் சொல்கிறான் என்று கேட்டேன். நெடுநேரம் பேசினான்.

மாசி 24, வியாழன்

காலை இருவரும் ஒன்றாகப் புறப்பட்டோம். முதல் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. களத்துக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் கம்பியைப் பற்றித் தூங்கிக்கொண்டிருந்தனர். ஓர் அம்மாள் தரணியைக் கண்டு, “இன்னா தம்பி, இன்னிக்கி மூஞ்சில துண்டு இல்ல? மாப்ள மாதிரி கீற” என்றாள். “இவுரு யாரு?” என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

“எங்கப்பா. இவரும் வேலைக்குத்தான் போறாரு” என்றான்.

அவள் நகர்ந்து, மடியில் இருந்த தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தாள். நடத்துநர் வந்தார். “ரெண்டு பேரும் எங்கப்பா?”

“ஒருத்தர் ஆலை, ஒருத்தர் ஆபீஸ்” என்று தரணி சில்லறையைத் தேடினான்.

நான் முந்திக்கொண்டு, “இரண்டும் ஆலைக்கே கொடுங்கள்” என்றேன். “நான் அங்கிருந்து நடந்துகொள்கிறேன்.”